வழிவிட்டான் அழுத தண்ணீர்

கருத்தனேந்தலில் ஆண்கள் அழ ஆரம்பித்தது வழிவிட்டானின் பெண்சாதி செத்த வருஷத்தில்தான். அதற்கு முன்னால் அந்த ஊரில் ஓர் ஆண் அழுது யாரும் பார்த்ததில்லை. பிறந்தது ஆண் குழந்தையாக இருந்தால், அது போட்ட முதல் அழுகையைக்கூட ‘பய சத்தம் குடுத்துட்டான்’ என்றுதான் சொல்வார்கள்.

மழை பொய்த்துப் பொய்த்துக் கண்மாய்க்குள் கருவேலங்காடு மண்டி, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்து, ஆடுகள்கூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த ஊரில், வற்றாமல் கிடந்தது மானம் ஒன்றுதான். அதை ஆண்கள்தான் வைத்திருந்தார்கள். மானமுள்ள ஆம்பளை பெண்சாதிக்கு முன்னால் நடப்பான், சேர்ந்து நடக்க மாட்டான். பெற்ற பிள்ளையை நாலு பேர் பார்க்கத் தூக்க மாட்டான். பசிக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டான். வலிக்கிறது என்று முகத்தால் காட்ட மாட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, எவன் வாசலிலும் போய் நின்று எதையும் கேட்க மாட்டான்.

இதற்கெல்லாம் ஊர் கைகாட்டிய ஆள் வழிவிட்டான். மஞ்சுவிரட்டில் மாடு தொடையைக் கிழித்து, மரத்துப்போக ஊசி போடாமலே தைத்தபோது அவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். அவனுடைய அப்பாவின் சிதைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிய வழியில், சாய்ந்து கிடந்த வேலி ஒன்றைப் பார்த்து, நின்று, அதை நிமிர்த்திக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். பிள்ளைகள் முள் குத்தி அழுதால் “வழிவிட்டான் தெருவுல பொறந்துட்டு அழுகுறியாடா” என்று தகப்பன்மார் கேட்டார்கள். அவனுக்குப் பிள்ளை இல்லை. பெண்சாதி முத்திருளாயி இருந்தாள். அவளோடு அவன் வெளியில் பேசியதை ஊர் கேட்டதில்லை. வீட்டுக்குள் பேசியதை அவளும் அதிகம் கேட்டதில்லை.

அவனுடைய சித்தப்பா மகன் கழுவன் எதிர்வீட்டில் இருந்தான். கோயில் கொடைத் திருவிழாவில் யார் கையில் முதலில் திருநீறு விழுவது என்ற சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோய், நின்றது நின்றபடியே இருந்தது. ஊரில் வண்டி என்று இருந்தது கழுவனின் லோடு வேன் ஒன்றுதான்.

கருவேலம் வெட்டப் போன இடத்தில், பட்டப்பகலில், முத்திருளாயியைக் கட்டுவிரியன் கொத்தியது. தானே நடந்து வீடு வந்து சேர்ந்து வாசலில் படுத்தாள். எதிரே வேன் நின்றது. அதன் மேல் கை வைத்தபடி, சாவியை விரலில் மாட்டிக்கொண்டு, கழுவன் நின்றான்.

“மச்சான், கொழுந்தன் வண்டி வாசல்லதான் நிக்குது,” என்றாள் முத்திருளாயி. “ஒரு சத்தம் குடுங்க. வந்துருவாரு.”

“அவன் வாசல்ல நா போயி நிக்கவா?”

“நீங்க நிக்க வேணாம். நா கேக்குறேன். பொம்பளதான, எனக்கென்ன.”

“எம்பொண்டாட்டி நின்னா நா நின்ன மாதிரி இல்லையா? பேசாமப் படு. பக்கத்தூருக்கு ஆள் போயிருக்கு, இப்ப வண்டி வந்துரும்.”

கழுவன் காத்திருந்தான். ஒரு வார்த்தை கேட்டால் போதும், வேனை எடுத்திருப்பான். கூப்பிடாத வாசலுக்குப் போய் நானாக வருகிறேன் என்று சொல்வது மட்டும் அவனுக்கு மானக்கேடு. இரண்டு ஆண்களும் தெருவின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். நடுவில் வெயில் அடித்தது. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்ந்தபோது முத்திருளாயியின் கண் திறந்தபடி இருந்தது, மூச்சு இல்லை.

ஊர் அவனைக் குறை சொல்லவில்லை. “என்ன வைராக்கியம்டா,” என்று மெச்சியது. எடுத்துக்கொண்டு போனபோதும் எரித்தபோதும் அவன் முகம் காய்ந்த களிமண் மாதிரி இருந்தது. கருமாதி அன்று, மாமன் அவன் தலையில் தலைப்பாகை கட்டி முடித்த நேரத்தில், வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பந்தலில் இருந்த ஆண்கள் ஒருத்தர் மாதிரி எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மணமாக நிற்கிறவனைப் பார்த்தால் திருப்புவது போலத் திருப்பினார்கள். அவன் துண்டால் துடைத்தான். துண்டு நனைந்தது. பிழிந்துவிட்டுத் துடைத்தான். இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. அதன்பின் அது நிற்கவில்லை.

சாப்பிடும்போது வடிந்தது, தூங்கும்போது வடிந்தது, வாய் திறந்து அவன் ஒரு கேவல் கேவியதில்லை, சத்தமே இல்லாமல், மடை திறந்த மாதிரி, கன்னத்தில் இறங்கி நெஞ்சில் இறங்கி வேட்டியில் இறங்கி, வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது. அண்டை வீட்டுக்காரர்கள் கோணி போட்டு வாசலை அடைத்தார்கள். “பொம்பள செத்ததுக்கு இப்படியா,” என்று காறித் துப்பினார்கள். டீக்கடையில் அவனுக்கு டம்ளர் நீட்டவில்லை. அவனைக் காட்டி வளர்த்த பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பன்மார்கள் வெட்கப்பட்டுப் போனார்கள். அவனுக்கே வெட்கம் தாங்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டு விலகி, கண்மாய்க் கரையில், யாரும் வராத மேலக்கோடியில் போய் உட்கார்ந்தான்.

கண்மாயில் தண்ணீர் ஏறியது.

முதலில் ஆடுகள் கண்டுபிடித்தன. அப்புறம் ஆடு மேய்த்த கிழவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். உப்பு இல்லை. இளநீர் மாதிரி இனித்தது. சாயங்காலத்துக்குள் ஊரிலிருந்த குடமெல்லாம் கரைக்கு வந்துவிட்டது. பெண்கள் மொண்டார்கள், ஆண்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. கருவேலம் வேரோடு அழுகிச் சாய்ந்தது. கொக்கு வந்தது. அந்த வருஷம் ஒரு சொட்டு மழை இல்லாமல் கருத்தனேந்தல் நெல் அறுத்தது.

டவுனிலிருந்து ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். “மழையே இல்லையே, இதுக்கு வரத்து எங்கேருந்து?” என்று கேட்டார்.

“எங்க ஊர் ஆளு ஒருத்தர் அழுகுறாருங்க,” என்றான் கழுவன்.

இன்ஜினியர் போய் வழிவிட்டானைப் பார்த்தார். சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து முகம் கழுவிக்கொண்டார். “வரத்துல ஆக்கிரமிப்பு வராமப் பாத்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கூடி, வழிவிட்டானைச் சுற்றி எல்லைக்கல் நட்டது.

நெல் வீட்டுக்கு வந்தபின் ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. அழுகிறவனின் சோற்றைச் சாப்பிடுகிறோமே, அவனை என்னவென்று சொல்வது? பொட்டை என்று சொன்னால் சாப்பிடுகிறவன் யார்? அதனால் அவர்கள் ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையில் தங்கள் மனசை மாற்றிக்கொண்டார்கள். அழுகிறவன்தான் ஆம்பளை என்று ஆயிற்று. பெண்சாதிக்காக அழுகிறவன் மானஸ்தன் என்று ஆயிற்று. கோயிலில் முதல் திருநீறு வழிவிட்டானுக்கு என்று கழுவனே எழுந்து நின்று சொன்னான். அதைக் கரைக்குக் கொண்டுபோய் அவன் நெற்றியில் பூசினார்கள். பூசப் பூசக் கரைந்து ஓடியது.

அதற்குப் பிறகு கருத்தனேந்தலில் அழாத ஆண் தலை காட்ட முடியவில்லை. பஞ்சாயத்தில் பேச எழுந்தவர்கள் முதலில் கொஞ்சம் அழுதுவிட்டுப் பேசினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் “பையன் அழுவாப்லயா?” என்று விசாரித்தார்கள். கண்ணீர் வராதவர்கள் துண்டின் முனையில் வெங்காயம் முடிந்து வைத்துக்கொண்டார்கள், தைலத்தைக் கண்ணோரம் தடவினார்கள். மீசையை முறுக்குவதை விட்டுவிட்டுக் கன்னத்தில் உப்புத் தடம் காயாமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடிவந்தால் “ஆம்பளப் பயலுக்கு என்னடா பல்லு” என்று அறைந்தார்கள். அறை வாங்கியும் அழாமல் நின்றவனுக்கு இன்னும் இரண்டு விழுந்தது.

பெண்சாதியை அடிப்பது நிற்கவில்லை. முன்னால் அடித்துவிட்டு வெளியே போய் பீடி குடித்தவர்கள், இப்போது அடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து ஊர் பார்க்க அழுதார்கள். “பாவம், எவ்வளவு பாசம் இருந்தா இப்படி அழுவான்,” என்று தெரு சொன்னது. அடி வாங்கியவள் உள்ளே ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

கழுவனின் பெண்சாதி நல்லம்மா ஒருநாள் குடத்தை முக்கிக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: “இந்த ஊர்ப் பொம்பளைக அழுத அழுகைக்குத் தண்ணி வந்துருந்தா, கண்மாய் என்னைக்கோ ஒடஞ்சிருக்கும்டி. நம்ம தண்ணியத்தான் சாமி கணக்குல எடுக்கல.” இருவரும் சிரித்தார்கள். அப்புறம் கரையில் ஆண்கள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வழிவிட்டானுக்கு மேலக்கோடியில் ஒரு கொட்டகை போட்டார்கள். வேளாவேளைக்குச் சோறு போனது. துக்கம் ஆறிவிடக் கூடாது என்று முத்திருளாயியின் சேலையை அவன் கண்ணுக்கு எதிரே கொடியில் தொங்கவிட்டிருந்தார்கள். அமாவாசைதோறும் ஒப்பாரி வைக்கிறவர்களை அழைத்துவந்து பாட வைத்தார்கள். கழுவன் கண்மாய்க்குத் தலைவரானான். மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று அவன்தான் சொன்னான். காலையில் எழுந்ததும் வந்து வழிவிட்டானின் கண்ணைப் பார்த்துவிட்டுப் போவான். அது இரண்டு பேருக்கும் பேச்சு என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஒருத்தரும் அவனை ஏன் அழுகிறாய் என்று கேட்டதில்லை. பெண்சாதிக்காக என்று எல்லாருக்கும் தெரியும்.

குருவம்மாதான் கேட்டாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. கண்மாயில் அழுகிச் சாய்ந்த கருவேலத்தையெல்லாம் கரையில் இழுத்துப் போட்டுக் காயவைத்து, மண் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போட வந்த கூட்டத்தில் வந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவனா, இவள் விட்டுவிட்டு வந்தவளா என்று கேட்டால், “ரெண்டும்தான்” என்பாள். உடம்பெல்லாம் கரியாக, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக, குளிப்பதற்கு மேலக்கோடிக்கு வந்தாள். எல்லைக்கல்லைத் தாண்டி அவன் முன்னால் வந்து நின்றாள்.

“ஏய்யா, எதுக்கு அழுகுறீரு?”

அவன் வாய் திறந்து வெகு காலமாகியிருந்தது. “எம்பொண்டாட்டி செத்துட்டா,” என்றான்.

“எல்லாருக்குந்தான் சாகுறாக. இப்படியா அழுகுறாக?”

அவள் உட்கார்ந்தாள். கையில் இருந்த கரியைத் தண்ணீரில் அலசினாள். பிறகு சொன்னான். வேன் நின்றது, கழுவன் நின்றது, முத்திருளாயி நான் கேட்கிறேன் என்றது, பேசாமல் படு என்று இவன் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, ஊர் வழக்கமாகச் சொல்வதை அவளும் சொல்வாள் என்று காத்திருந்தான். விதி என்பாள், அல்லது பெரிய வைராக்கியம் என்பாள்.

“கேட்டிருந்தா பொழச்சிருப்பா,” என்றாள் குருவம்மா.

“ஆமா.”

“நீருதான் கொன்னிருக்கீரு.”

“ஆமா,” என்றான் வழிவிட்டான்.

“சரி. அந்த விறகுக் கட்டத் தூக்கத் தோள் குடுப்பீரா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.”

அவன் எழுந்தான். தோள் கொடுத்தான். அவளுக்குப் பின்னால் நடந்தான். வழியெல்லாம் ஈரத்தடம் கிடந்தது. போகும்போது விட்டதைவிட வரும்போது விட்ட தடம் மெலிசாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் போனான். கரிமூட்டத்துக்கு மண் பூசினான், கங்கு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டான். அவளுக்குக் கஞ்சி காய்ச்சினான். முதல் நாள் காய்ச்சியதை நாய் குடிக்கவில்லை, அவள் குடித்தாள். குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் எடுத்துப்போனான். இடுப்பில் குடத்தோடு ஓர் ஆண் பட்டப்பகலில் கரை மேல் நடப்பதை ஊர் பார்த்தது. ஒருநாள் குடம் நழுவி உடைந்து வேட்டியெல்லாம் நனைந்தபோது, குருவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு தண்ணீர் மேல் போய் எதிர்க்கரையில் கேட்டது. அன்று சாயங்காலம் தண்ணீர் இறங்கி மடைக்கல்லின் மேல்படி வெளியே தெரிந்தது.

அடுத்த வாரம் இரண்டாம் படி தெரிந்தது. கதிர் பால் பிடிக்கிற பருவம்.

ஊர் கூடியது. வழிவிட்டானைக் கூட்டிவந்து நடுவில் நிற்க வைத்தார்கள். பஞ்சாயத்து நடத்தும் வயசான அம்பலக்காரர் முதலில் கொஞ்சம் அழுதுவிட்டு, “மாப்ள, நீ சாதாரண ஆளா? ஒன்னயப் பாத்துத்தான இந்த ஊரு மானம்னா என்னன்னு கத்துக்கிச்சு,” என்றார். “கட்டுனவள மறந்துட்டு ஒரு கரிக்காரி பின்னால போகலாமா? ஆம்பளைக்கு அழகா அது?”

“மறக்கலங்க மாமா,” என்றான் வழிவிட்டான். “நா செஞ்சத அவகிட்ட சொன்னேன். சொன்னதுக்கப்புறம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு.”

“கொறையக் கூடாதுப்பா. கதிரு நிக்குதுல்ல.”

அவனுக்குப் புரிந்தது. கூட்டம் கலைந்தபின் அவன் கரைக்குப் போகவில்லை. தெருவுக்குள் வந்தான். பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் தாண்டி, தெருவைக் குறுக்கே கடந்து, கழுவன் வாசலில் போய் நின்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். தெருவே வெளியே வந்து பார்த்தது.

“கழுவா.”

“வாங்கண்ணே. உள்ள வாங்க.”

“உள்ள வரல. ஒன்னு கேட்டுப்போக வந்தேன். எனக்கு ஒருத்தர்ட்டயும் கேட்டுப் பழக்கமில்ல, தப்பாக் கேட்டா பொறுத்துக்க. என்னய விட்டுரு. நா அந்தப் பிள்ளையோட போயிக் கஞ்சி குடிச்சுப் பொழச்சுக்கிறேன்.”

கழுவன் அழுதான். நிஜமாகவே அழுதான், வெங்காயம் இல்லாமல். அவனுக்கும் அந்தப் பகல் மறந்திருக்கவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னான்: “அண்ணே, அன்னைக்கு நீங்க இப்படி வந்து நின்னிருந்தா நா ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். இன்னைக்குக் கேக்குறது என் வண்டி இல்ல, ஊருத் தண்ணி. நா என்னண்ணே செய்ய?”

மறுநாள் காலையில் வேன் கரிமூட்டத்துக்குப் போனது. யாரும் குருவம்மாவைக் கை நீட்டி அடிக்கவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்து ஒரு சேலை கொடுத்தார்கள். புகைந்துகொண்டிருந்த மூட்டத்தை மண்வெட்டியால் கலைத்தார்கள். வேக வேண்டிய விறகு ஒரு மூச்சுக் காற்றுப்பட்டு எரிந்து சாம்பலாகிப் போனது. அவள் சாம்பலைப் பார்த்தாள், சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தாள். எல்லார் கன்னத்திலும் கண்ணீர் ஓடியது. அழுதுகொண்டே அவள் பாத்திரங்களைக் கட்டினார்கள், அழுதுகொண்டே அவளை வேனில் ஏறச் சொன்னார்கள், ஏற மாட்டேன் என்றபோது அழுதுகொண்டே தூக்கி ஏற்றினார்கள்.

“ஏண்டா, அழுகுறதையாவது விட்டுட்டுச் செய்யக் கூடாதா?” என்று கத்தினாள் குருவம்மா. வேன் போய்விட்டது.

வழிவிட்டானை அதுவரைக்கும் கோயிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். திறந்துவிட்டார்கள். அவன் ஓடினான். கலைந்த மூட்டத்தின் முன்னால் நின்றான். ஊர் மொத்தமும் கொஞ்சம் தள்ளி, மரியாதையாக, மூச்சுப் பிடித்து நின்று அவன் கண்ணைப் பார்த்தது. முதல் பெண்சாதிக்கே இவ்வளவு வந்ததென்றால், இதற்கு எவ்வளவு வரும்? மடைக்குப் பக்கத்தில் கரை பலவீனம் என்று யாரோ கவலையாகச் சொன்னார்கள்.

வரவில்லை.

இருந்ததும் நின்றுபோனது. அவன் திரும்பி அவர்களைப் பார்த்தபோது, இத்தனை காலம் நனைந்து நனைந்து வெளுத்த கன்னத்தில் ஈரம் இல்லை. ஒப்பாரிக்காரர்களை அழைத்துவந்தார்கள். கொடியில் கிடந்த சேலையை அவன் மடியில் போட்டார்கள். அவன் அதை மடித்து ஓரமாக வைத்தான். அம்பலக்காரர் காலில் விழுந்தார். அவன் அவரைத் தூக்கிவிட்டான்.

பிறகு அவன் கேட்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வாசலாகப் போய் நின்று, “குருவம்மாவ எங்க எறக்கிவிட்டீக?” என்று கேட்டான். ஆண்கள் அழுதார்கள், சொல்லவில்லை. அவன் அடுத்த வாசலுக்குப் போனான். அவன் குரலில் கோபம் இல்லை. பசித்தவன் சோறு கேட்பது போலக் கேட்டான். கழுவன் வாசலில் கேட்டபோது கழுவன் உள்ளே போய்விட்டான். நல்லம்மா விளக்குமாறோடு நின்றிருந்தாள். “பரமக்குடி ரோட்டுல, சூளையத் தாண்டி, பஸ் நிக்கிற புளியமரத்தடியில,” என்றாள். “வெரசாப் போங்க.” அவன் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. நல்லம்மாவின் கன்னம் ஒரு வாரம் வீங்கியிருந்தது. கழுவன் வாசலில் உட்கார்ந்து அழுதான்.

கதிர் பாதி பதராகப் போயிற்று. கண்மாய் சேறாகி, சேறு வெடித்து, வெடிப்பில் கருவேலங்கன்று முளைத்தது. கரி ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர், விளாத்திகுளம் பக்கம் ஒரு மூட்டத்தில் வழிவிட்டான் மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு பொம்பளைக்கு முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தானாம், பாட்டு வேறு முணுமுணுத்தானாம்.

“அப்ப அது எங்க அண்ணன் இல்ல,” என்றான் கழுவன். “அவரு மானஸ்தன்.”

பங்குனி வெயிலில், கோயில் முன்னால், ஆண்கள் கடைசியாக ஒருமுறை கூடினார்கள். தண்ணீருக்கு என்ன வழி என்று பேச்சு. போர் போட்டுப் பார்த்தாயிற்று, உப்பு. மழைக்குக் கும்பிட்டாயிற்று, வெயில். எல்லாரும் சேர்ந்து கரையில் உட்கார்ந்து அழுது பார்த்தாயிற்று, ஒரு செம்புகூட ரொம்பவில்லை.

“அவருக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்று ஒருவன் கேட்டான்.

“நெசமான துக்கம்ல,” என்றார் அம்பலக்காரர். “பொண்டாட்டி செத்த துக்கம்.”

வேப்பமரத்தில் காற்று இல்லை. ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நல்லம்மா, கருப்பட்டிக் காபி நிறைந்த தூக்குவாளியோடு வந்தாள். கூட்டம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு கழுவனைப் பார்த்தது. பிறகு மறுபடியும் அவளைப் பார்த்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“என்ன பாக்குறீக?” என்று புருஷனைக் கேட்டாள்.

“ஒன்னுமில்லையே,” என்றான் கழுவன். அவன் கண்ணில் அதற்குள் நீர் கட்டியிருந்தது.

அவள் கூட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள். எல்லாக் கண்ணிலும் கட்டியிருந்தது. அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். ஓடவில்லை. போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். காபி ஆறுவதற்குள், பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு, வயசானவர்களை நடுவில் விட்டு, கருத்தனேந்தலின் பெண்கள் எல்லாரும் கிழக்கே ரோட்டைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

ஆண்கள் பின்னால் போகவில்லை. போய்க் கூப்பிடுவது என்றால் அவளவள் அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். வழிப்போக்கர்கள் யாராவது ஊர் ஏன் இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறது என்று கேட்டால், பொம்பளைகள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். பொழுது சாயுமுன்னால் அவனவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, புகை வெளியே தெரியாமல் கூரை ஓட்டையில் சாக்கை அடைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே, கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள்.